புல்வெளிக்கு எவ்வளவு செலவாகும்? அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களுக்கு 10 குறிப்புகள்

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கும் நம்மவர்கள் கடன் வட்டி, சொத்து வரி, காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். வீட்டைச் சுற்றியிருக்கும் புல்லுக்கு மட்டும் கணக்கு விட்டுப்போகிறது. வசந்தத்தில் புல் மளமளவென்று வளர்ந்து, குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபின் அவசரமாக ஆள் தேடினால் அவர் சொன்னதுதான் விலை. நியாயமான விலை எவ்வளவு, எதற்குப் பணம் தரலாம், எதற்கு வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சொல்லும் தொகைகள் தோராயமானவை. ஊருக்கு ஊர் மாறும்.

1. முதலில் புல்லை அளந்துவிடுங்கள். கால் ஏக்கர் மனை என்பது 10,890 சதுர அடி. வீடு, கார் பாதை, நடைபாதை, செடிப் பாத்தி எல்லாம் போக, புல் பெரும்பாலும் 5,000 முதல் 7,000 சதுர அடிதான் தேறும். கணினியில் கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, புல்லின் ஓரங்களைச் சுற்றிக் குறித்தால் பரப்பளவு தெரிந்துவிடும். மனையின் அளவை வைத்து விலை சொல்பவரிடம் இந்த எண்ணைக் காட்டிப் பேசுங்கள்.

2. ஒரு முறை வெட்ட 40 முதல் 70 டாலர் வரை கேட்பார்கள். புல்லை வெட்டுவது மட்டுமா, வேலியோரம், மரத்தடி, நடைபாதை விளிம்புகளைச் சீர்செய்து, சிதறிய புல்லை ஊதித் தள்ளுவதும் இதில் அடக்கமா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் செலவு பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். உயரமான புல்லை வெட்ட நேரம் கூடுவதால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாகக் கேட்பவர்கள் உண்டு.

3. ஒரு தடவைக்கான விலையைவிட ஆண்டுத் தொகையே முக்கியம். நியூ ஜெர்சியில் ஏப்ரல் முதல் நவம்பர் நடு வரை ஏறத்தாழ 30 தடவை வெட்ட வேண்டியிருக்கும். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் வெட்டும் காலம் இன்னும் நீளம். தடவைக்கு 50 டாலர் என்றால் 30 தடவைக்கு 1,500. அதோடு உரமும் களைக்கொல்லியும் 400, மண்ணில் துளையிட 150, இலையுதிர் காலத் துப்புரவு 300 என்று வைத்தால் ஆண்டுக்கு 2,350 டாலர். மாதக் கட்டணம் சொல்பவரிடம் அது 12 மாதத்துக்கா, 8 மாதத்துக்கா என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

4. உரம் போடுமுன் மண்ணைப் பரிசோதியுங்கள். பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு, பெரும்பாலும் 10 முதல் 30 டாலருக்குள் இதைச் செய்து தருகிறது. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், டெக்சாஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம். மண்ணில் பாஸ்பரஸ் போதுமான அளவு இருந்தால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. நியூ ஜெர்சியின் 2011 சட்டப்படி, குறை இருப்பதாகப் பரிசோதனை காட்டினாலோ புதிதாகப் புல் போட்டாலோ தவிர புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் போடக்கூடாது. நவம்பர் 15க்குப் பிறகு மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் உரமே போடக்கூடாது.

5. உரத் திட்டம் என்ற பெயரில் ஆண்டுக்கு 5 முதல் 7 தடவை வருவார்கள். தடவைக்கு 50 முதல் 90 டாலர். ஒவ்வொரு தடவையும் என்ன போடப்போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். முளைக்குமுன்பே களையைத் தடுக்கும் மருந்து, மண்ணின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் சமயத்தில் போட்டால்தான் பலன் தரும். களை தலைகாட்டியபின் போட்டால் காசு வீண்.

6. இறுகிய மண்ணில் துளையிடும் ஏரேஷனுக்கு 100 முதல் 200 டாலர். குளிர்ப் பகுதிப் புல்லான ஃபெஸ்கியூ, புளூகிராஸுக்கு இலையுதிர் காலத் தொடக்கத்தில் செய்ய வேண்டும். தெற்கத்திய பெர்முடா புல்லுக்கு, அதாவது நம் அருகம்புல்லுக்கு, வசந்தக் கடைசியில் அல்லது கோடைத் தொடக்கத்தில். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் செய்யச் சொன்னால் விலை குறையும்.

7. எந்த உயரத்தில் வெட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள். ஃபெஸ்கியூவுக்கு 3 முதல் 4 அங்குலம், பெர்முடாவுக்கு 1 முதல் 2 அங்குலம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. ஒட்ட வெட்டினால் வேர் பலவீனப்பட்டுக் களை புகும்; அதற்கும் நீங்கள்தான் செலவழிக்க வேண்டும். வெட்டிய புல்லை அங்கேயே விடச் சொல்லுங்கள். அள்ளிச் செல்லும் கூலி மிஞ்சும், புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் கால் பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கும்.

8. தண்ணீரும் செலவுதான். வாரத்துக்கு மழையும் சேர்த்து ஓர் அங்குலம் போதும். 6,000 சதுர அடிக்கு அதுவே ஏறக்குறைய 3,700 கேலன். காலி டூனா டப்பாக்களைப் புல்லில் அங்கங்கே வைத்துத் தெளிப்பானை ஓடவிடுங்கள். அரை அங்குலம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறதோ, அவ்வளவு நேரம் வாரத்துக்கு இரண்டு நாள், விடியற்காலையில் பாய்ச்சுங்கள்.

9. கையெழுத்துப் போடுமுன் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மருந்து தெளிக்க மாநில உரிமம், விபத்துக் காப்பீடு இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படுமா, நடுவில் நிறுத்தினால் கட்டணம் உண்டா, விற்பனை வரி சேர்ந்த விலையா என்பவற்றையும் கேளுங்கள். டெக்சாஸில் இந்தச் சேவைக்கு 8.25 சதவீதம் வரை வரி வரும். மற்றவர்கள் கேட்பதில் பாதிக்குச் செய்கிறேன் என்பவரிடம் பெரும்பாலும் காப்பீடு இருக்காது. உங்கள் வாசலில் வேலை செய்யும் தொழிலாளிக்கு அடிபட்டால் அவருக்கு நாதியில்லாமல் போகும். வழக்கு உங்கள் மீதும் வரலாம். மருந்து தெளித்த அன்று, நன்றாகக் காயும்வரை குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் புல்லில் விடாதீர்கள்.

10. புல்லின் பரப்பைக் குறைப்பதுதான் நிரந்தரச் சிக்கனம். வெயிலே படாத மரநிழலில் ஆண்டுதோறும் விதை தூவிப் பணத்தைக் கரைக்காமல், மரச்சில்லுகளைப் பரப்பியோ அந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டோ விடுங்கள். நல்ல வெயில் விழும் கொல்லைப்புறத்தில் ஒரு பகுதியைக் கத்திரி, வெண்டை, மிளகாய்க்கு ஒதுக்கலாம். குடியிருப்போர் சங்க விதிகளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். லாஸ் வேகஸிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் புல்லை அகற்றி வறட்சி தாங்கும் செடிகளை வைப்பவர்களுக்குக் குடிநீர் அமைப்புகள் சதுர அடிக் கணக்கில் பணமே தருகின்றன. அனுமதி வாங்கிய பிறகே புல்லைத் தோண்டுங்கள்; முந்திக்கொண்டால் அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம்.