தந்தை சபரில், பிள்ளை தெருவில்: போதையிலிருந்து வாலிபர்களைக் காப்போம்



சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்த நேரம். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே ஒரு தாய் நின்றுகொண்டு, மோதினாரிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். "ஹஜ்ரத், இது மிட்டாயா, மருந்தா? தம்பி பள்ளிக்கூட உடுப்புல கிடந்துச்சு" என்றார். அது கூல் லிப். உதட்டுக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் புகையிலை. பையன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய அத்தா துபாயில் இருக்கிறார். விவரத்தைச் சொன்னதும் அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னார்: "அவங்க அத்தாவுக்குத் தெரிய வேணாம் ஹஜ்ரத். ஜமாஅத்துக்கும் தெரிய வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளை வழி தவறும்போது ஒரு தாய் முதலில் தட்ட வேண்டிய கதவு ஜமாஅத்தின் கதவு. அந்தக் கதவைப் பார்த்தே அவர் பயப்படுகிறார் என்றால், குறை அவரிடம் இல்லை.

நம் தஞ்சை மாவட்டத்தில் ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தெருவில் எத்தனையோ வீடுகளில் தகப்பன் சபரில் இருக்கிறார். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. மாதாமாதம் பணம் வருகிறது. பணத்தோடு போனும் பைக்கும் வருகின்றன. மகனைக் கண்டிக்கும் ஆள் மட்டும் வருவதில்லை.

இது நமக்கு மட்டும் வந்த நிலைமை அல்ல. நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் மனைவியையும் கைக்குழந்தையையும் மக்காவின் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டுப் போனவர்கள்தான். போகும்போது அவர்கள் கேட்ட துஆவின் வரிசையைக் கவனியுங்கள் (சூரா இப்ராஹீம், 37வது வசனம்). முதலில் என் சந்ததியினர் தொழுகையை நிலைநிறுத்த வேண்டும் என்கிறார்கள். அடுத்து மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்கிறார்கள். உணவைக் கேட்டது அதற்குப் பிறகுதான். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

அல்லாஹ் அந்த துஆவை எப்படி ஏற்றான்? ஜுர்ஹும் குலத்தார் ஹாஜரா அம்மையாரிடம் அனுமதி கேட்டு, ஸம்ஸமுக்கு அருகில் வந்து குடியேறினார்கள். இஸ்மாயீல் (அலை) அவர்கள் அந்த மக்களிடமே அரபி மொழியைக் கற்று, அவர்கள் நேசிக்கும் வாலிபராக வளர்ந்தார்கள் என்று புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. தகப்பன் அருகில் இல்லாத பிள்ளையை ஒரு மஹல்லா சேர்ந்து வளர்த்தது. இப்ராஹீம் (அலை) அவர்களும் விட்டுவிட்டு மறந்துவிடவில்லை. பிற்காலத்தில் தேடி வந்து, மகன் எப்படி வாழ்கிறார் என்று வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நம் மஹல்லா என்ன செய்கிறது? மக்தபில் பையன் குர்ஆன் ஓதி முடிக்கிறான். 12, 13 வயதில் நின்றுவிடுகிறான். அதற்குப் பிறகு நிக்காஹ் தஃப்தரில் பெயர் எழுதும்போதுதான் ஜமாஅத் அவன் முகத்தை மறுபடி பார்க்கிறது. நாற்றங்காலைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவிட்டு, நடவு முடிந்ததும் வயல் பக்கமே போகாத விவசாயி இந்தக் காவிரிக் கரையில் யாராவது உண்டா?

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதலே தடை போட்டிருக்கிறார்கள். இருந்தும் கூல் லிப் பள்ளிக்கூடப் பையன்கள் கைக்கு வந்து சேருகிறது. அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று 2024இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கேட்டது. சிலர் வலி மாத்திரைக்குப் போகிறார்கள். "இது சாராயம் இல்லையே ஹஜ்ரத், மெடிக்கல்ல விக்கிற மாத்திரைதானே" என்று என்னிடமே ஒரு தம்பி வாதாடினான். அறிவை மறைப்பது எதுவோ அதுவே கம்ரு என்ற விளக்கத்தை உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றே சொல்லிவிட்டார்கள். மெடிக்கலில் விற்றாலும் பெட்டிக்கடையில் விற்றாலும் சட்டம் ஒன்றுதான்.

தாய்மார்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லி எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், முகர்ந்து போதை ஏற்றும் பொருட்கள் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்பட்டன. சிறுவர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பசை, தின்னர் போன்றவை. வீட்டிலேயே கிடக்கும் சாமான்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அரசுச் சட்டம் இருக்கட்டும். மறுமையில் அந்தத் தாய் உங்கள் சட்டையைப் பிடித்தால் என்ன சொல்வீர்கள்? விற்பவர் வெளியூர்க்காரர் என்றால் ஊரே கொதிக்கிறது. நம் ஆள் என்றால் நிர்வாகமும் நானும் சலாம் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

பெரியவர்களுக்கும் ஒரு ஹதீஸ். மது ஹராமாக்கப்பட்ட அறிவிப்பு வந்தபோது, ஒரு வீட்டில் பெரியவர்களுக்கு மது ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி). அந்தச் சபையிலேயே வயதில் சிறியவர். அறிவிப்பைக் கேட்டதும் பெரியவர்கள் அவரிடம் கொட்டிவிடச் சொன்னார்கள். மதீனாவின் தெருவில் மது ஓடியது. பெரியவர்கள் கீழே போட்டதை அந்தச் சிறுவர் கண்ணால் பார்த்தார். நம் தெருவில் இன்றும் "ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா" என்று பேரனிடம் காசு கொடுக்கிறார்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒரு வாலிபனைப் பற்றி இதே மிம்பரில் பேசினேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யாரென்று ஊருக்கே புரியும்படி பேசினேன். அடுத்த வெள்ளி அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

அப்துல்லாஹ் என்ற ஸஹாபி, ஹிமார் என்று பட்டப்பெயர், நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டார், தண்டனையும் பெற்றார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். குற்றத்துக்குத் தண்டனை உண்டு, ஆள் நம்மவர்தான். ஓதிக்கொடுக்கும் நானே இதை மறந்துபோனேன்.

அரசின் சட்டத்திலேயே இந்த இரக்கம் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து முறையாகச் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல 10581. "ஊர் பேசும்" என்று மகனை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். இது நோயும்கூட, மருந்து வேண்டும்.

ஐஸ்லாந்து என்ற நாட்டில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. பெற்றோர் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், இரவில் பிள்ளைகள் வெளியே திரியக்கூடாது என்று. விளையாட்டுக்கும் கலைக்கும் ஊர் செலவு செய்தது. மஃரிபுக்கு வீடு வந்து சேரச் சொன்ன நம் பாட்டிமார்கள் இதைத்தானே செய்தார்கள்! நம் மஹல்லாவிலும் தெருவுக்கு நான்கு தாய்மார்கள் பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாம். பள்ளிவாசல் இடத்தில் ஒரு வாலிபால் வலை கட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

அந்தப் பத்தாம் வகுப்புத் தம்பியோடு இஷாவுக்குப் பிறகு ஆற்றுப் பாலம் வரை நடந்து போவேன். முதல் மூன்று நாள் அவன் வாயே திறக்கவில்லை. முழுதாக விட்டுவிட்டானா? இன்னும் இல்லை. இரண்டு முறை சறுக்கினான், இரண்டு முறையும் தானே வந்து சொன்னான். தாயின் சம்மதத்தோடு அத்தாவிடமும் பேசினோம். முதலில் சத்தம் போட்டார், பிறகு அழுதார்.

இதை வெளிநாட்டிலிருந்து படிக்கும் சகோதரரே! இன்று வெள்ளிக்கிழமை, எப்படியும் வீட்டுக்குப் பேசுவீர்கள். பணம் வந்ததா என்று கேட்டு முடித்ததும், போனை மகனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மார்க்கைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். சாயங்காலம் எங்கே விளையாடினாய், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் வைத்துவிடலாம். நாளைக்கும் கூப்பிடுங்கள்.