பிடிலும் காதும்: எட்டயபுரம் தரும் ஒரு வகுப்பறைப் பாடம்

நம் மாவட்டத்து எட்டயபுரம் என்றதும் மாணவர்கள் பாரதியார் பெயரைச் சொல்வார்கள். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவரான பாலுசுவாமி தீட்சிதர் அந்த ஊர் அரண்மனை வித்துவான் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். மணலி சின்னையா முதலியாரின் ஆதரவில் அவர் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் அமைத்தார். அவையே நோட்டுஸ்வரங்கள்.

அவற்றுள் 'ஜகதீச குருகுஹ' அமைந்திருப்பது 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்னும் ஸ்காட்லாந்து நடன மெட்டில். அதே மெட்டை அயர்லாந்துப் பிடில்காரர்களும் வாசிக்கிறார்கள். குடியேறியவர்களோடு கடல் கடந்து அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்குப் போய், அங்கே 'லெதர் பிரிச்சஸ்' ஆனது. இந்த மெட்டுகள் பெரும்பாலும் காது வழியாகவே கைமாறியவை. நம் குருகுலமும் அப்படித்தானே!

இன்னொரு ஒற்றுமை. நம் வித்துவான்கள் வயலினின் நான்கு நரம்புகளையும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறார்கள். அப்பலாச்சியக் கலைஞர்களும் சில மெட்டுகளுக்கு இதே அமைப்பில் நரம்புகளை மாற்றிக்கொள்வார்கள். ஆதார சுருதி கூடவே ஒலிக்க வேண்டும் என்ற தேவை இரு இடத்திலும் ஒன்றுதான்.

பள்ளியில் வயலின் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு பலகையில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் மீன்பிடித் தங்கூசியை இழுத்துக் கட்டுங்கள். நம் கடற்கரைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். முழு நரம்பும் 'ச'. நகரும் சிறு கட்டையை அடியில் வைத்து 40 செ.மீ. நீளத்தை மீட்டினால் 'ப', 45-இல் 'ம', 30-இல் மேல் 'ச'. ஆனால் இந்த எண்களை முதலில் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பாடும் 'ப' எங்கே வருகிறது என்று மாணவர்களே கேட்டுத் தேடட்டும். பிறகு அளவுகோலை எடுக்கலாம். 3:2 என்னும் விகிதம் அப்போது அவர்கள் கண்டுபிடித்ததாக இருக்கும். ஒலிப் பாடமும் கணக்கும் இங்கே சேர்ந்துவிடுகின்றன.

அடுத்து நோட்டுஸ்வரம் ஒன்றைக் கைப்பேசியில் முழுவதுமாக இரண்டு முறை கேட்கவையுங்கள். பிறகு ஒரு சிறு அடியை நீங்கள் பாட, அவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அது படிந்த பின்பே அடுத்த அடி. ஸ்வரங்களைக் கரும்பலகையில் எழுதுவதை ஒரு வாரமாவது தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. எழுதியவுடன் பிள்ளைகள் கண்ணை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். வாசிக்கத் திணறும் மாணவர் இங்கேயும் பின்தங்கிவிடுவார். காதால் மட்டும் கற்கும் அந்த ஒரு வாரத்தில் அவரே முதலாவதாக வரக்கூடும்.

எழுத்து வேண்டாம் என்பதல்ல. பாலுசுவாமியின் வளர்ப்பு மகன் சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இல்லையெனில் எத்தனையோ கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்திரா. அவரும் கேட்டுப் பாடம் செய்து வளர்ந்த பிறகே எழுதினார்.

தங்கூசி இழுவையில் மெல்ல நீளும், சுருதி இறங்கும். ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் நரம்பை மீண்டும் இறுக்கிச் சுருதி சேர்ப்பதை ஒரு மாணவரிடமே முறைவைத்து ஒப்படையுங்கள்.