மூர்த்தி நாயனாரும் இறைபணி நிற்றலும்

உயிர்கள் இறைவனை விட்டு நீங்கியிருந்த காலம் என்றும் இல்லை. அவன் உயிரின்கண் கலந்து உடனாய் நிற்றல் அநாதி. அங்ஙனமிருப்பவும் உயிர் அவனை அணுகியுணராமைக்குக் காரணம் யாதெனின், யான் எனது என்னுஞ் செருக்கே என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. ஆகவே இறைவனை அணுகுதலாவது ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குச் செல்லுதலன்று; தன் செயலற்று அவன் ஏவல்வழி நிற்றலேயாம். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள், பயனியலின் முதற்கண் வைத்த பத்தாஞ் சூத்திரம் இதனை இறைபணி நிற்றல் எனக் கூறும். சொல்லளவில் எளிதாகத் தோன்றும் இந்நிலை ஒருவர் வாழ்நாள் முழுதும் வழுவாது நிகழுமாறு எங்ஙனம் என்பதனை, மதுரைமாநகரில் வாழ்ந்த மூர்த்தி நாயனார் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தில் மும்மையால் உலகாண்ட சருக்கம் இவர் வரலாற்றை முதற்கண் கொண்டு விளங்குவது. நாயனார் வணிகர் குலத்தவர். ஆலவாயிற் சொக்கலிங்கப் பெருமானுக்கு நாடோறும் சந்தனம் அரைத்துக் கொடுத்தலே அவர் மேற்கொண்ட திருப்பணி. அந்நாளில் வடுகக் கருநாடர் மன்னன் ஒருவன் படையோடு போந்து பாண்டியனை வென்று மதுரையைக் கைக்கொண்டான். அவன் நாயனார்க்குச் சந்தனக்கட்டை கிடையாதவாறு எங்கும் தடுத்தான். ஒருநாள் முழுதும் தேடியும் பெறாத நாயனார் திருக்கோயிலை அடைந்து, கட்டைக்கு முட்டு நேர்ந்ததாயினும் அதனைத் தேய்க்குங் கைக்கு முட்டில்லை எனத் துணிந்து, தம் முழங்கையைச் சந்தனக்கல்லில் வைத்துத் தேய்த்தார். தோலும் தசையும் தேய்ந்து எலும்பு வெளிப்பட்டது. அப்பொழுது, அச்செயலை ஒழிக எனவும், கொடியோன் கொண்ட நாட்டை நீயே கைக்கொண்டு காத்து நின் பணியையும் செய்து நம்முலகு சேர்க எனவும் இறைவன் திருவாக்கு எழுந்தது. நாயனார் அஞ்சிக் கையை எடுத்தார், ஊறும் நீங்கிற்று. அவ்விரவே மன்னன் இறந்தான். அவனுக்கு மைந்தர் இன்மையின், அமைச்சர் கண்கட்டி விடுத்த யானை திருக்கோயில் வாயிலில் நின்ற நாயனாரைத் தன் பிடரிமேற் கொண்டது. அவர் திருநீற்றையே அபிடேகமாகவும், உருத்திராக்கத்தையே அணிகலனாகவும், சடைமுடியையே மணிமுடியாகவும் ஏற்று, ஐம்புலன் வென்று அரசு புரிந்தார்.

அம்மன்னன் சமண் சார்ந்தவன் என்பது புராணம். சமயப் பூசல் நம் ஆராய்ச்சிக்குப் பொருளன்று. அடியார் ஒருவர் நின்ற நிலையே பொருளாதலின் அதனை விடுத்து மேற்செல்வாம்.

இவ்வரலாற்றுள் நோக்கற்பாலன மூன்று. முதலாவது, முழங்கை தேய்த்த அவ்வொரு நாளுக்கு முன்னே கழிந்த நாட்கள். அந்நாட்களில் வியத்தற்குரியது யாதும் நிகழ்ந்திலது. கட்டை வந்தது, கல்லில் தேய்ந்தது, குழம்பு இறைவன் திருமேனியிற் சேர்ந்தது, மறுநாளும் அவ்வாறே. கண்டார் எவரும் அதனைப் பெருஞ்செயலென எண்ணியிரார். ஆயினும் இடையூறு வந்தவழி அவர் கை தானே கல்லின்மேற் சென்றது அப்பயிற்சியாலன்றோ? சரியையாகிய தாசமார்க்கத்தை எளிதென்று இகழ்வார் இதனை எண்ணுதல் வேண்டும். நாடோறுஞ் செய்யும் சிறுபணியே உயிரைப் பதப்படுத்துவது. இடர்ப்பாடு அப்பதத்தை வெளிப்படுத்துவது மாத்திரையே.

இரண்டாவது, கையை எடுத்தமை. இங்கே ஒருவர் தடை நிகழ்த்தலாம்: தம் உடம்பைத் தாமே தேய்த்தல் தம் விரதத்தின்மேற் கொண்ட பிடிவாதமன்றோ? அதுவும் ஒருவகைச் செருக்காகாதோ? எனின், கூறுதும். விரதத்தையே பற்றி நின்றாராயின், தொடங்கியதை முடித்தே தீர்வேன் என்று அவர் மேலும் தேய்த்திருப்பார். திருவாக்குக் கேட்ட அளவில் நிறுத்தினார். பணி செய்தலும் பணியை நிறுத்தலும் அவர்க்கு ஒன்றாயின. இரண்டும் ஆணையே ஆதலின். நெடுநாட் செய்த பணி 'என் பணி' என்னும் பற்றாய் முதிர்தல் அடியார்க்கு நேரும் நுண்ணிய இடர். திருக்கோயிற்றொண்டினும் மடத்துத் தொண்டினும் பல்லாண்டு பழகியோர், வேறொருவர் அத்தொண்டை ஏற்குங்கால் உளம் புழுங்குதல் உண்டு. அப்புழுக்கம், தொண்டு இறைவனுக்கு ஆகாது தமக்கே ஆயிற்று என்பதற்குக் கரி. நாயனார் கையை எடுத்தமை கையை வைத்தமையினும் அரிதென்பது எமது கருத்து.

மூன்றாவது, அரசேற்றமை. வறுமையும் தடையும் வந்தபோது இறைவனை மறவாதார் பலர்; செல்வம் வந்தபோது மறவாதார் சிலரே. நாயனார் அரசை விரும்பிப் பெற்றிலர். இறைவன் அருள் அதுவாயின் தாங்குவேன் என்று வாயிலில் நின்றார். ஏற்றபின்னும் அடியார்க்குரிய வேடமே அரசர்க்குரிய கோலமாயிற்று. மதுரைக்கு இஃது இயல்பென்பாரும் உளர். சித்திரைத் திருவிழாவில் அங்கயற்கண்ணம்மைக்கு முடிசூட்டிச் செங்கோல் அளித்தலும், ஆவணித் திருவிழாவில் சொக்கேசர் முடிபுனைதலும் இன்றும் நிகழ்வன. அந்நகரின் அரசு அம்மையப்பருடையதே எனின், அரியணையில் அமர்ந்தவர் அவர்தம் ஏவலாளரே என்பது போதரும்.

அற்றேல், மதுரைக்கு அணித்தாகிய திருவாதவூரில் தோன்றிய மாணிக்கவாசகர் பாண்டியனது அமைச்சுரிமையைத் துறந்தாரே. இவர் அரசையே ஏற்றார். இருவருள் எவர் நெறி சிறந்தது? எனின், அவ்வினா பொருந்தாது. துறந்தவர் துறவைத் தாமே தெரிந்துகொண்டிலர். திருப்பெருந்துறையிற் குருவடிவாய் வந்த இறைவன் ஈர்த்தமையின் பிற கழன்றன. ஏற்றவரும் அரசைத் தாமே தெரிந்துகொண்டிலர். இறைவன் பணித்தமையின் தாங்கினார். செயல் வேறாயினும் நிலை ஒன்றே. துறவே உயர்ந்தது எனவும் உலகவாழ்வே உயர்ந்தது எனவும் வழக்கிடுவார்க்கு இவ்விருவரும் ஒருங்கே விடையாவர்.

இப்பணி எத்துணைக்காலம்? ஞானம் கைவந்தபின் ஒழியுமோ? எனின், ஒழியாது. சிவஞானபோதத்து இறுதிச் சூத்திரம், சீவன்முத்தரும் அடியார் கூட்டத்தைச் சார்ந்து, திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுதல் கூறிற்று. பணி வழியில் ஏறும் ஏணி மாத்திரையாயின், ஏறியபின் அதனை விடலாம். அஃது அன்பின் இயல்பே ஆதலின், அணுகுந்தோறும் மிகுவதன்றிக் குறைவதில்லை.

நம்மனோர் பின்பற்றற்பாலது முழங்கையைத் தேய்த்தலன்று. அது பணிக்கப்பட்டதும் அன்று, இறைவனே அதனை விலக்கினான். நாடோறும் கல்லிற் சந்தனம் அரைத்த அவ்வமைதியே நமக்குரியது. விளக்கிடுதல், அலகிடுதல், பூத்தொடுத்தல், ஏடு ஓதுதல் ஆகியவற்றுள் ஒன்றனை ஒருவர் மேற்கொள்வாராக. கிடைத்த நாளிலும் கிடையாத நாளிலும் அதனைச் செய்வாராக. நிறுத்துக என்னும் ஆணை வரின் முகம் வாடாது கையை எடுப்பாராக. ஆடித்திங்கட் கார்த்திகையில் நாயனார் குருபூசை செய்யும் அன்பர்கள், அந்நாளில் தம் பணியை இம்மூன்று உரைகல்லிலும் உரைத்துப் பார்ப்பார்களாயின், அதுவே அவர்க்கு இயற்றும் மெய்வழிபாடாகும்.

திருச்சிற்றம்பலம்.