முடிவு தெரிந்தவருக்கு ஆட்டத்தைச் சொல்லுங்கள்

கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் அஸருக்குப் பிறகு தொடங்கும் ஒரு ஆட்டத்தின் முடிவு, மஃரிப் பாங்கு சொல்வதற்குள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விடுகிறது. யாராவது வட்ஸ்அப்பில் போட்டிருப்பார். முகநூலில் நேரலையும் ஓடியிருக்கும். அப்படியிருக்க வாராந்தம் ஒரு விளையாட்டு மின்மடல் எதற்கு? எங்கள் கரையோர ஊர்க் கழகங்களின் ஆட்டங்களைப் பற்றி மடல் எழுதி வரும் எனக்கு இதுதான் அடிப்படைக் கேள்வி. என் விடை இது: முடிவு எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, ஆட்டம் கிடைக்கவில்லை. மைதானத்தில் நின்றவர் மட்டுமே பார்த்ததை, வர முடியாதவருக்கு எழுதுவதே மடலின் வேலை.

அதிதிகள் கடைசியில் வரட்டும்

நம் பக்கத்து விளையாட்டுச் செய்திகளுக்கு ஒரு பழகிய அச்சு உண்டு. முதலில் பிரதம அதிதி, பிறகு கௌரவ அதிதிகள், விசேட அதிதிகள், கழகத் தலைவர், செயலாளர், அனுசரணையாளர். கடைசி வரியில்தான் வென்ற அணி வரும். அரைச்சதம் அடித்த பிள்ளையின் பெயர் பல நேரம் இருக்கவே இருக்காது. மடலில் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஆட்டக்காரர் முதலில் வரட்டும். அனுசரணையாளருக்கு நன்றி அடியில் ஒரு வரி போதும்.

பெயரை முழுமையாக எழுதுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் முதலெழுத்து கட்டாயம். றிஸ்வான் என்று எழுதுபவரை ரிஸ்வான் ஆக்காதீர்கள். தன் மகனின் பெயரை இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உம்மாவுக்கு அந்த ஒரு வரிதான் முழு மடலும்.

எண்ணைச் சுற்றி என்ன நடந்தது?

முத்தையா முரளிதரன் 800 விக்கெட் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான கடைசி டெஸ்டுக்கு அவர் இறங்கியபோது 792 விக்கெட்டுகள்தான் இருந்தன. இதோடு ஓய்வு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதல் இன்னிங்ஸில் 5 எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவின் ஒன்பது விக்கெட்டுகள் விழுந்தபோது அவர் 799இல் நின்றார். மிச்சமிருந்தது ஒரே விக்கெட். ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை மஹேல ஜயவர்த்தன பிடித்தார். முடிவு தெரிந்த பிறகும் இதை வாசிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. எத்தனை தேவை, எவ்வளவு மிச்சம், வேறு வழி இருந்ததா என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் எண்ணுக்கு உயிர் வந்துவிடும்.

ஊர் ஆட்டத்துக்கும் இதே முறைதான். 'கடைசி ஓவரில் 9 ஓட்டங்கள் தேவைப்பட்டன' என்பதோடு நிறுத்தாதீர்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வந்து பந்தைக் கடல் பக்கம் தள்ளும். உயர்த்தி அடிப்பவருக்கு ஒரு பக்கம் லேசு, மறுபக்கம் கஷ்டம். அந்த ஓவரை அணித்தலைவர் எந்த முனையிலிருந்து, யாரைக் கொண்டு வீச வைத்தார்? எல்லைக்கோட்டில் ஆளை எங்கே நிறுத்தினார்? இதை எழுதினால், அதே மைதானத்தில் ஆடிவிட்டு இப்போது தோஹாவில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் காற்று முகத்தில் படும்.

கிரிக்கெட்டோடு நின்றுவிடவும் கூடாது. தேசிய கபடி அணிக்கு வீரர்களைத் தந்த ஊர் நிந்தவூர். பொத்துவிலின் அறுகம்பையில் அலைச்சறுக்கலுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் நம் பிள்ளைகள் ஓடுகிறார்கள். வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாக எழுதுங்கள். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை அனுப்பும் 'தி ஸ்பின்' என்ற கிரிக்கெட் மடலும் வாரந்தோறும் ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டு விரிவாகப் பேசும் வகைதான். மற்ற முடிவுகளை அடியில் பட்டியலாகத் தரலாம்.

தலைப்பு வரியும் எழுத்துருவும்

'வாராந்த விளையாட்டுச் செய்திகள்' என்ற தலைப்பை யாரும் திறக்கமாட்டார்கள். 'கடைசி ஓவர், எதிர்க்காற்று, 9 ஓட்டம்' என்று எழுதிப் பாருங்கள். கைப்பேசித் திரையில் தமிழ் அகலமாக விழும்; ஐந்தாறு சொற்களுக்கு மேல் தெரியாது. ஆகவே முக்கியமான சொல் முன்னால் நிற்க வேண்டும்.

கழகங்களிலிருந்து வரும் அறிக்கைகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அதை அப்படியே ஒட்டினால் வாசகரின் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். 102 கிலோபைட் அளவில் ஜிமெயில் மடலின் அடியை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். வேர்டிலிருந்து ஒட்டும்போது மறைந்து வரும் வடிவமைப்புகள் இன்னும் பாரம் ஏற்றும், அவற்றை நீக்கிவிடுங்கள். ஓட்ட அட்டையைப் படமாக மட்டும் போடாமல் எழுத்திலும் தாருங்கள்.

ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி அனுப்புவது மரியாதை. மடல் வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள ஒரு சுட்டியும் இருக்கட்டும்.

எப்போது அனுப்புவது?

நான் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அனுப்புகிறேன். கட்டாரில் அப்போது 1.30, ஜும்ஆ முடித்து, சாப்பிட்டு, விடுமுறை நாளில் ஓய்வாக இருக்கும் நேரம். நோன்பு காலத்தில் தராவீஹுக்குப் பிறகு அனுப்புவது நல்லது.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை அதிகம் நம்ப வேண்டாம். 2021இல் அப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு அந்த எண் சரியாக இருப்பதில்லை. பதில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். 'காக்கா, அந்தப் பிடியைப் பிடித்தது யார்ட மகன்?' என்று ஒருவர் கேட்டால் மடல் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகளை அள்ளிச் சென்றபோது, அவற்றிலிருந்த படங்களும் சான்றிதழ்களும் சேர்ந்தே போயின. ஒரு அலமாரியில் மட்டும் இருந்த தாள் போனால் போனதுதான். பல நாடுகளில் பலரின் பெட்டியில் கிடக்கும் மடல் அப்படி அழியாது. உங்கள் கழகத்தின் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். பார்த்ததைத் திகதியோடும் முழுப் பெயர்களோடும் எழுதி அனுப்புங்கள். நம் பிள்ளைகளின் விளையாட்டு வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.