வீட்டில் படிக்க வைப்பதும் வீட்டில் நிறுத்தி வைப்பதும்



பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் இப்போது சில இருக்கின்றன. காரணம் வீட்டுக்கு வீடு வேறு. ஹிஃப்ளு முடியட்டும் என்று பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு. வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி, நடுவில் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. எழுத்தும் கணக்கும் மெதுவாக வரும் பிள்ளை வகுப்பில் கேலிக்கு ஆளானதைத் தாங்க முடியாமல் அழைத்துக்கொண்டவர்கள் உண்டு. வயதுக்கு வந்த பெண்பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கி வீட்டில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இவர்களில் பலர் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து ஆலோசனை கேட்கிறார்கள். பெரும்பாலும் உம்மாமார்கள்தாம் வருகிறார்கள். வாப்பா வெளிநாட்டில் இருப்பார். பாரம் முழுவதும் இவர்கள் தலையில் இருக்கும். அவர்களுக்குத் தைரியம் சொல்லவும், சில வழிகளைக் காட்டவும், ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசவும் இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

பெயர் ஒன்று, செயல் இரண்டு

வெளிப்படையாகப் பேச வேண்டியதை முதலில் பேசிவிடுவோம். "பிள்ளை வீட்டில் படிக்கிறது" என்று இரண்டு விதமான வீடுகளில் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் தினமும் குறித்த நேரத்தில் பிள்ளை உட்கார்ந்து படிக்கிறது. இந்த மாதம் என்ன முடிந்தது, அடுத்த மாதம் என்ன என்று உம்மாவுக்குத் தெரியும். எந்த வருடம் எந்தப் பரீட்சை என்பதும் முடிவாகியிருக்கிறது. இன்னொரு வீட்டில் புத்தகப் பை பரணில் இருக்கிறது. பிள்ளை சமையலுக்கு உதவுகிறது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது, மீதி நேரம் கைப்பேசியில் போகிறது.

முதலாவது வீட்டுக் கல்வி. இரண்டாவதற்குப் படிப்பை நிறுத்தியது என்றுதான் பெயர். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்த இரண்டாவது அதிகம் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலருக்கும் கடமை என்று மேடைகளில் பேசுகிறோம். வீட்டில் அந்தப் பேச்சு நடைமுறைக்கு வரவில்லை என்றால் அது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இந்த இடத்தில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளியில் படித்தார். ஆனால் 1938-ல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை எழுதி, உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டார். பெருமைக்குரிய வரலாறுதான். அதைப் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துவதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளி நின்ற பிறகும் அவர் படிப்பு நிற்கவில்லை என்பதே அதில் நமக்குள்ள பாடம். பள்ளியோடு சேர்த்துப் படிப்பும் நின்றுபோன பெண்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

லுக்மானுல் ஹகீம் காட்டிய முறை

வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அழகான முன்மாதிரி திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. 31-ஆவது அத்தியாயத்தில் லுக்மானுல் ஹகீம் (அலை) தம் மகனுக்குச் செய்யும் உபதேசத்தை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான். அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அழைக்கும் முறை. அந்தச் சில வசனங்களுக்குள் மூன்று முறை மகனை அன்பொழுக விளிக்கிறார். அதட்டி எழுப்பி உட்கார வைத்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பள்ளியில் ஆசிரியர் கோபித்தால் பிள்ளை வீட்டுக்கு வந்து உம்மா மடியில் ஆறுதல் தேடும். ஆசிரியரும் உம்மாவே ஆகிவிட்டால் அது எங்கே போகும்?

இரண்டாவது, காரணம் சொல்வது. இணைவைக்காதே என்றதோடு நிறுத்தாமல், அது மிகப்பெரும் அநியாயம் என்பதையும் சொல்கிறார். குரலைத் தாழ்த்து என்னும்போதும் காரணம் விளங்கும்படி ஓர் உவமை தருகிறார். "சொன்னதைச் செய்" என்பதைவிட "இதற்காகச் செய்" என்பது பிள்ளையின் மனதில் நிற்கும்.

மூன்றாவது, கண்ணால் கண்ட பொருளைக்கொண்டு காணாததை விளக்குவது. அல்லாஹ்வின் அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சொல்ல, பாறைக்குள் கிடக்கும் கடுகளவு பொருளை எடுத்துக்காட்டுகிறார். கடுகு எந்த வீட்டு அடுப்படியில் இல்லை?

தொழுகை நேரங்களே கால அட்டவணை

"மணி அடிக்காத வீட்டில் எப்படி ஒழுங்கு வரும்?" என்று கேட்கிறார்கள். நம் வீடுகளில் ஒரு நாளைக்கு ஐந்து முறை பாங்கு கேட்கிறது. அதையொட்டி நாளை வகுத்துக்கொண்டால் போதும்.

சுபுஹுக்குப் பிறகு ஓதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்ய அது நல்ல நேரம். காலை உணவுக்குப் பின் லுஹர் வரையுள்ள நேரத்தில் கணக்கும் ஆங்கிலமும். கஷ்டமான பாடங்கள் முதலில் வரட்டும். லுஹருக்குப் பின் சாப்பாடு, சிறிது ஓய்வு, அதன்பின் தமிழ், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. அஸருக்குப் பின் பிள்ளை வெளியில் போய் விளையாடட்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தோழர்கள் குறைவு என்பதால் இந்த விளையாட்டு நேரத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். மஃரிபுக்குப் பின் அன்று படித்ததைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்காட்டட்டும். இஷா தொழுதால் தூக்கம்.

பள்ளியில் ஆறு மணி நேரம் என்பதால் வீட்டிலும் ஆறு மணி நேரம் உட்கார வைக்க வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பதும் ஒரு பிள்ளைக்கு ஒரு உம்மா என்பதும் ஒன்றாகாது. சிறு பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், பெரிய பிள்ளைக்கு மூன்று நான்கு மணி நேரம் கவனம் சிதறாமல் நடந்தால் நிறைவுதான். ஆனால் தினமும் நடக்க வேண்டும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். படிப்புக்கும் இது பொருந்தும்.

வீட்டிலேயே கிடைக்கும் பாடங்கள்

புத்தகத்துக்கு வெளியே நம் வீடுகளில் எத்தனையோ பாடங்கள் இருக்கின்றன. ஜகாத் என்பது நாற்பதில் ஒரு பங்கு. அதை 2.5 சதவீதம் என்று மாற்றிக் காட்டினால் பின்னமும் சதவீதமும் ஒரே நாளில் புரியும். வீட்டு நகைக்குரிய ஜகாத்தைப் பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்; சூரிய ஆண்டுக்கு 365. ரமளான் ஏன் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னால் வருகிறது என்பதை இரண்டு காலண்டர்களை வைத்துப் பிள்ளையே கண்டுபிடிக்கும். கிப்லா நம் பகுதியிலிருந்து நேர் மேற்கில் இல்லாமல் சற்று வடக்கே சாய்ந்து இருப்பது ஏன் என்று உலக வரைபடத்தை விரித்துக் கேளுங்கள். அது புவியியல் பாடம்.

முற்றத்தில் ஒரு கம்பை நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். உச்சிப்பொழுதில் நிழல் எவ்வளவு, அஸர் நேரம் தொடங்கும்போது எவ்வளவு என்று குறித்துவரட்டும். நண்பகல் நிழல் போக, கம்பின் அளவுக்கு நிழல் வரும்போது அஸர் என்பது ஷாஃபி மத்ஹப். இரண்டு மடங்கு ஆகும்போது என்பது ஹனஃபி மத்ஹபில் பின்பற்றப்படும் கருத்து. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் அஸர் நேரம் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரலில் வரும் அந்த நாளில் உச்சிப்பொழுதில் கம்புக்கு நிழலே விழாது. அதைப் பார்த்த பிள்ளைக்கு வானியலில் ஆசை வராமல் போகாது.

எல்லாவற்றையும் உம்மாவே சொல்லித்தர வேண்டுமா?

"நானே எட்டாவதுதான் படித்தேன், என்னால் முடியுமா?" என்று தயங்கும் சகோதரிகளுக்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தாயாரை நினைவூட்டுகிறோம். ஹிஜ்ரி 150-ல் காஸாவில் பிறந்த இமாம் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார்கள். தாயார் பிள்ளையை மக்காவுக்கு அழைத்துவந்தார்கள். ஏழ்மைக்கு நடுவிலும் உஸ்தாதிடம் ஓத வைத்தார்கள். எல்லா இல்மையும் அந்தத் தாயே சொல்லித்தரவில்லை. தகுந்த ஆசிரியரைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தந்தையை இளமையில் இழந்து தாயின் வளர்ப்பில் வளர்ந்தவர்களே.

உங்களுக்குத் தெரியாத பாடத்துக்கு ஆள் தேடுங்கள். தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்; வாரத்துக்கு இரண்டு நாள் கணக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஒரு உம்மா ஆங்கிலம், ஒரு உம்மா அறிவியல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் வருகின்றன. கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கி, வாரம் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. போனில் "ஒழுங்காகப் படிக்கிறாயா?" என்று கேட்டால் பிள்ளை "ம்" என்று சொல்லி முடித்துவிடும். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். உங்கள் மனைவியின் பாரத்தில் பாதி குறையும்.

பரீட்சையும் சான்றிதழும்

அறிவு இருந்தும் சான்றிதழ் இல்லாவிட்டால் பின்னால் பல கதவுகள் திறக்காது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாத பிள்ளைக்கு அந்த உரிமை ஏட்டளவில்தான். அதனால் வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, மீண்டும் பள்ளியில் சேர்ப்பது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை இடையில் நின்றிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

இரண்டு, தனித்தேர்வர் வழி. 12½ வயது நிறைந்த பிள்ளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். பின்னர் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்வதை மறந்துவிடாதீர்கள்.

மூன்று, 1989-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. ஒரு பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். ஹிஃப்ளு பிள்ளைகளுக்கும் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது வசதியானது.

எந்த வழியானாலும், அடுத்து சேர விரும்பும் கல்லூரியோ வேலையோ அந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பள்ளியில் தந்த எமிஸ் எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மனம் தளரும்போது

சில நாட்களில் பாடமே நடக்காது. கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், பிள்ளை அடம் பிடிக்கும். "பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளையைக் கெடுக்கிறாய்" என்று சொந்தபந்தம் குத்திக்காட்டும். அதற்கு வாயால் பதில் சொல்லத் தேவையில்லை. பிள்ளை எழுதிய நோட்டுகளைத் தேதி போட்டு எடுத்துவையுங்கள். ஆறு மாதத்துக்கு முன் எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெம்பு வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு முன் தெரியாத எது இன்று தெரியும்? வாரத்தில் எத்தனை நாள் பாடம் நடந்தது? வீட்டுக்கு வெளியே பேசிப் பழகப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அடுத்த பரீட்சை எது, எப்போது? நான்குக்கும் பதில் இருந்தால் தயக்கமின்றித் தொடருங்கள். பதில் இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதே அதற்குச் செய்யும் நன்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் படிவம் நிரப்பவும், எந்த அலுவலகம் போகவும் துணை தேவைப்பட்டால் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூடவே வருவோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கற்றுக்கொடுக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையையும் அதற்குரிய கூலியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.