காமிரா முன் பேசத் தயங்காதீர்கள்



ஊர்க் கூட்டத்தில் தண்ணீர் முறைக்காக உரக்கப் பேசும் உழவர்கூட, காமிராவைக் கண்டதும் பேச்சற்று நின்றுவிடுவதுண்டு. உழவர்களுக்கான ‘கிருஷி தர்ஷன்’ நிகழ்ச்சி 1967-ல் தில்லித் தொலைக்காட்சியில் தொடங்கியது. சென்னையில் 1975-ல் தொலைக்காட்சி நிலையம் வந்தது. அக்காலத்தில் படப்பிடிப்புக் குழு ஊருக்கு வந்தால்தான் உழவர் பேச முடியும். இன்றோ கைபேசியிலேயே படமெடுத்து அடுத்த மாவட்டத்து உழவருக்கும் அனுப்பலாம். கருவி கைக்கு வந்துவிட்டது; தயக்கம் மட்டும் போகவில்லை.

அச்சம் ஏன் வருகிறது?

பலர் நம்மைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் உடல் ஆபத்தை எதிர்கொள்வதுபோல் ஆயத்தமாகிறது. நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறள்கிறது, மூச்சு மேலெழும்புகிறது. இது இயற்கை. எதிரே தலையாட்டிக் கேட்பவர் இல்லாததும், புத்தகத் தமிழில் பேச வேண்டும் என்ற நினைப்பும் அச்சத்தைக் கூட்டுகின்றன.

அச்சத்தால் வரும் கேடு

அச்சத்தில் பேச்சு வேகமாகும். இடையில் ஒரு செய்தி விடுபடும். வேப்பங்கொட்டைச் சாறு தயாரிப்பைப் பாருங்கள். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, வடிகட்டி, மேலும் தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். ‘100 லிட்டராக்க வேண்டும்’ என்பதைப் பதற்றத்தில் விட்டுவிட்டால், கேட்பவர் பத்து மடங்கு கெட்டியான சாற்றைத் தெளிப்பார். பருப்பு வீணாகும், இலை கருகவும் கூடும். ஆகவே, அச்சத்தைப் போக்குவது நம் பேச்சை நம்பிச் செய்பவரின் பயிரைக் காப்பதற்கும் ஆகும்.

பேசுமுன் செய்ய வேண்டியவை

1. ஒரு படத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள்.

2. முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் எல்லாம் மறக்கும். முதல் வாக்கியமும் வேலைகளின் வரிசையும் நினைவில் இருந்தால் போதும்.

3. அளவுகளை அட்டையில் பெரிதாக எழுதிக் காமிரா அருகில் வையுங்கள்.

4. காலை அல்லது மாலை வேளையில், வெளிச்சம் முகத்தில் படும்படி நில்லுங்கள். மோட்டாரை நிறுத்துங்கள். காற்று பலமாக வீசும் இடத்தைத் தவிருங்கள்.

5. தண்ணீர் குடித்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக ஐந்தாறு முறை விடுங்கள். படபடப்பு தணியும்.

பேசும்போது

பக்கத்து வயல்காரரைக் காமிராவை ஒட்டி நிற்கச் சொல்லி, அவரைக் கேள்வி கேட்க வையுங்கள். அவருக்குப் பதில் சொல்லுங்கள். வீட்டில் பேசும் பேச்சே போதும். வெறுங்கையுடன் நிற்காமல், வேலையைச் செய்துகொண்டே விளக்குங்கள். கை பழகிய வேலையில் இருந்தால் வாய் தானே பேசும். தவறாகச் சொல்லிவிட்டால் பதற வேண்டாம். சற்று நிறுத்தி, “இதைத் திருத்திச் சொல்கிறேன்” என்று சரியான அளவைச் சொல்லுங்கள்.

பேசிய பின்

படத்தை யாருக்கும் அனுப்புமுன் ஒரு முறை பார்த்து, அளவுகளைச் சரிபாருங்கள். நம் குரல் நமக்கே அன்னியமாகத் தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று படங்களை வீட்டாருக்கு மட்டும் காட்டலாம். பழகப் பழகத் தயக்கம் குறையும்.

விதை சேமிப்பிலும் நாற்று நடவிலும் கைதேர்ந்த பெண்களும் முன்வர வேண்டும். நீங்கள் பட்டறிந்தது வரப்புக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்தவர் அதே நட்டத்தைப் பட்டுத்தான் அறிய வேண்டியிருக்கும். இந்தப் பருவத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைத் தேர்ந்து, இரண்டே நிமிடம் பேசிப் பாருங்கள்.