ஷாஃப்ட்டை மாத்துனா பேரிங்கும் மாறும்! (லினக்ஸ் அப்கிரேடில் ஒரு பாடம்)

கணபதியில் என் மாமா மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள் தோட்டத்துக்காரர் ஒருவர் பழைய மோட்டாரைக் கொண்டுவந்து, "ஷாஃப்ட் தேஞ்சு போச்சுங்க, கொஞ்சம் தடிப்பாப் போட்டுக் குடுங்க" என்றார். மாமா சிரித்தார். "25 எம்.எம். ஷாஃப்ட்டுக்கு 6205 பேரிங்குங்க. 30 போட்டா 6206 வேணும். 6205-க்கு வெளி விட்டம் 52, 6206-க்கு 62. இந்தக் கவர்ல உக்காராதுங்களே! அப்பறம் கவரையும் மாத்தோணும்."

டிபென்டென்சி என்று நம் லேபில் பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்.

டெபியன் லினக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சீட்டோடு வருகிறது. "இந்த லைப்ரரி, இந்தப் பதிப்போ அதற்கு மேலோ" என்று சில கேட்கும். "இதே பதிப்புதான் வேண்டும்" என்று சில அடம்பிடிக்கும். டிபிகேஜி என்பது பாகத்தை மாட்டிவிடும் ஃபிட்டர். எந்தப் பாகத்துக்கு எது வேண்டும் என்று சங்கிலி பிடித்துத் தேடிக் கொண்டுவருவது ஆப்ட். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-ல் இது சேர்ந்தது. நம் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான். ஆகவே பாடம் அதற்கும் பொருந்தும்.

இனி என் கதை. அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில் டெபியன் 12 போட்டு வைத்திருந்தேன். 2025 ஆகஸ்ட் 9-ல் பதிப்பு 13 வந்தது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி அதற்கு மாறினேன். (அன்றைக்குத்தான் புத்தி அப்படிப் போகும்!) ஆப்ட் நீளமாக ஒரு பட்டியல் போட்டு, "தொடரலாமா?" என்று கேட்டது. படிக்காமலே 'ஒய்' அடித்தேன். காலையில் திறந்தால் கறுப்புத் திரை, லாகின் என்ற ஒரே வார்த்தை. டெஸ்க்டாப் முழுசும் போயிருந்தது.

பதறவேண்டாம். பேக்கேஜ் நீங்கினாலும் ஹோம் அடைவிலுள்ள நம் ஃபைல்கள் நீங்காது. எது போனது என்பதற்கும் சாட்சி உண்டு: வார், லாக், ஆப்ட் என்று அடைவுக்குள் அடைவாகப் போனால் ஹிஸ்டரி.லாக் என்ற ஃபைல் இருக்கும். அதில் 'ரிமூவ்' என்ற வரியைப் பார்த்தேன். பிறகு 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' கொடுத்தேன். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கவேண்டும்.) திருடன் மாட்டினான்! வெளியிலிருந்து இறக்கிய ஒரு பிரிண்டர் டிரைவர். என்றைக்கோ நானே அதை மாறாதபடி 'ஹோல்ட்' போட்டு மறந்திருக்கிறேன். அது ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பைத்தான் ஏற்கும். புது டெஸ்க்டாப்புக்கோ புதுசு வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. நான் பூட்டியதை ஆப்ட் மதித்து, டெஸ்க்டாப்பைக் கழற்றிவிட்டது. தப்பு அதன் மேல் இல்லை.

நல்லவேளை, நெட்வொர்க் மேனேஜர் பிழைத்திருந்தது. போனை யூ.எஸ்.பி.யில் செருகி நெட் வாங்கினேன். ஹோல்டை 'அன்ஹோல்ட்' செய்து, டிரைவரை நீக்கி, 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்', பிறகு டெஸ்க்டாப்பை மறுபடி இன்ஸ்டால். ரிவ்யூவுக்கு இருபது நிமிஷம் லேட்; சார் முறைத்தார், அவ்வளவுதான்.

இதை முன்னாடியே தவிர்த்திருக்கலாம். 'ஆப்ட்-கெட்' கட்டளையோடு மைனஸ் எஸ் சேர்த்தால் எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். எந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வருகிறது என்று தெரிய 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று அடித்து, அதன் பெயரைக் கொடுங்கள். வெளி ரெப்பாசிட்டரிகளை முதலில் அணைத்துவிடுங்கள். 11-லிருந்து நேரே 13-க்குத் தாவக்கூடாது. 12 வழியாகத்தான் போகவேண்டும்.

நீக்கும் பட்டியலைக் கண்டதும் மிரளவும் வேண்டாம். 13-ல் பல லைப்ரரிகளின் பெயர் வாலில் 'டி64' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ல் தீர்ந்துபோகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. லிப்எஸ்எஸ்எல்3 நீங்கி லிப்எஸ்எஸ்எல்3டி64 ஏறினால், அது வெறும் பெயர் மாற்றம், விடலாம். டெஸ்க்டாப்பின் பெயரே நீக்கும் பட்டியலில் தெரிந்தால் 'என்' அடித்துவிட்டு, யார் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று தேடுங்கள். லேபில் மூலையில் கிடக்கும் 32 பிட் மெஷின்களை மட்டும் 12-லேயே விட்டுவிடுங்கள். 13-ல் அவற்றுக்குக் கெர்னலே கிடையாது.

பிரிண்டர் என்னாச்சு என்கிறீர்களா? டெபியனிலேயே இருந்த டிரைவரில் ஜோராக ஓடுகிறது. வெளி டிரைவர் தேவையே இல்லைங்க!